வாப்பாவின் டைரியும் கடனை அடைக்கும் முறையும்

வாப்பாவை (என் தந்தையை) அடக்கிவிட்டு வந்த அன்று இரவு அவருடைய டைரியைத் திறந்தேன். ஜனாஸா தொழுகைக்கு (இறந்தவருக்கான தொழுகைக்கு) முன்னால், "வாப்பா யாருக்காவது கொடுக்க வேண்டியிருந்தால் என்னிடம் வாருங்கள், நான் பொறுப்பு" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லியிருந்தேன். எவ்வளவுக்குப் பொறுப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது. டைரியின் கடைசிப் பக்கத்தில் பென்சிலில் மூன்று வரிகள் இருந்தன.

மு. 40. பாதி போச்சு.
செ. மாமா, பார்க்கணும்.
இ. 15?

நாற்பது என்றால் நாற்பதாயிரமா, நாலாயிரமா? பாதி போச்சு என்றால் பாதியைக் கொடுத்தாயிற்றா, பாதி நட்டமா? 'இ' என்பவர் நமக்குத் தர வேண்டியவரா, நாம் அவருக்குத் தர வேண்டியதா? இந்த மூன்று வரிகளையும் முடித்துவைக்க எனக்குப் பதினான்கு மாதம் ஆனது. அந்தப் பதினான்கு மாதத்தில் ஆலிம்களிடம் (மார்க்க அறிஞர்களிடம்) கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கடன் வாங்கப் போகிறவர், கொடுக்கப் போகிறவர், வாங்கிவிட்டுத் திணறுகிறவர், இறந்தவரின் கடனைக் கையில் வைத்திருக்கிறவர் எல்லாருக்கும் இதில் ஏதாவது உதவும் என்று நம்புகிறேன்.

முதலில் எழுதுங்கள்

குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம். அது கடனை எழுதிவைப்பதைப் பற்றியது. குறிப்பிட்ட தவணைக்குக் கடன் கொடுத்தால் எழுதிக்கொள்ளுங்கள், சிறியதோ பெரியதோ எழுதுவதில் சலிப்படையாதீர்கள், சாட்சி வைத்துக்கொள்ளுங்கள் என்று அல்லாஹ் அதில் சொல்கிறான். வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் யார் என்பதையும் அதே வசனம் சொல்கிறது: கடன் பட்டவர். கொடுத்தவர் சொல்லி வாங்கியவர் கையெழுத்து போடுவதல்ல, "இவ்வளவு வாங்கினேன், இன்ன நாளில் தருவேன்" என்று வாங்கியவரே தன் வாயால் சொல்ல வேண்டும். பிறகு தகராறு வரும்போது, நீங்கள் எழுதியதைப் பார்க்காமல் கையெழுத்து போட்டேன் என்று சொல்ல இடமே இருக்காது.

எழுதுவது வாஜிபா (கட்டாயமா), விரும்பத்தக்கதா என்றால் பெரும்பாலான அறிஞர்கள் விரும்பத்தக்கது என்றே சொல்கிறார்கள். அடுத்த வசனத்தில், ஒருவரை ஒருவர் நம்பினால் நம்பப்பட்டவர் அமானிதத்தை (நம்பி ஒப்படைத்ததை) நிறைவேற்றட்டும் என்று வருவதை அவர்கள் காட்டுவார்கள். சரி, கட்டாயம் இல்லைதான். ஆனால் அந்த மூன்று வரிகளோடு மல்லுக்கட்டிய பிறகு நான் அதைக் கட்டாயம் போலவே வைத்துக்கொண்டேன்.

"நம்மிடமே எழுதி வாங்குகிறாயா, நம்பிக்கை இல்லையா?" என்ற பேச்சு எல்லாக் குடும்பத்திலும் வரும். அதைத் தாண்ட ஒரே வழி, வாங்குகிறவர் முந்திக்கொள்வது. "நான் மௌத்தாகிவிட்டால் என் பிள்ளைகள் உங்களைத் தேடி வந்து கொடுக்க வேண்டும், அதற்காக எழுதித் தருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், யாருக்கும் மனம் கோணாது.

நான் இப்போது எழுதும் வாசகம் இது:

"இன்ன தேதியில், இன்னாரிடமிருந்து, இவ்வளவு தொகையை வட்டியில்லாக் கடனாக வாங்கிக்கொண்டேன். இன்ன தேதிக்குள் இத்தனை தவணையில் திருப்பித் தருவேன். அதற்குள் நான் இறந்துவிட்டால் என் சொத்திலிருந்து இது கொடுக்கப்பட வேண்டும். அவர் இறந்துவிட்டால் அவருடைய வாரிசுகளிடம் கொடுக்கப்பட வேண்டும்."

தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுங்கள். இரண்டு பிரதி, இரண்டு சாட்சி. "கையில் வந்ததும் தருகிறேன்" என்பது தேதி ஆகாது. நகையாகக் கடன் வாங்கினால் எடையையும் தரத்தையும் எழுதுங்கள், ஏனென்றால் எந்த எடை வாங்கினோமோ அந்த எடையைத்தான் திருப்ப வேண்டும். பணமாக வாங்கியது பணமாகவே, வாங்கிய அதே தொகையாகவே திரும்ப வேண்டும். விலைவாசி ஏறிவிட்டது என்று கூட்டிக் கேட்க முடியாது என்பதைத்தான் 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் (இஸ்லாமியச் சட்ட) அகாடமியும் முடிவாகச் சொன்னது. வங்கிக் கணக்கு வழியாக அனுப்பினால் குறிப்பில் 'கடன்' என்று எழுதி, கூடவே ஒரு செய்தியும் அனுப்பிவையுங்கள். குறிப்பில்லாமல் போன பணம் நாளைக்கு அன்பளிப்பு என்றோ பழைய பாக்கி என்றோ பேசப்படும்.

அப்புறம், திருப்பிக் கொடுக்கும் ஒவ்வொரு தவணையையும் அன்றே எழுதுங்கள். டைரியின் முதல் வரி எனக்கு இதனால்தான் அவிழ்ந்தது. 'மு.' இறந்து நாலு வருடமாகியிருந்தது. அவர் மகன் ஒரு கணக்கு நோட்டை எடுத்துவந்தார். வாப்பாவின் பெயருக்குக் கீழே நாற்பதாயிரம், அதற்குக் கீழே ஐந்து ஐந்தாக நாலு வரவு, ஒவ்வொன்றுக்கும் தேதி. மீதி இருபது. ஐந்து நிமிடத்தில் பேச்சு முடிந்தது. எங்கள் பக்கம் எழுதாததை அவர் பக்கம் எழுதிவைத்திருந்தார், அல்லாஹ் அவருடைய கப்ரை (மண்ணறையை) விசாலமாக்கட்டும்.

வாங்குவதற்கு முன்னால்

கடன் வாங்குவது பாவம் அல்ல. நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தானபோது அவர்களுடைய கவச உடை 30 ஸாவு (அக்கால முகத்தல் அளவை) வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடமானமாக இருந்தது என்று அவர்களுடைய மனைவி ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். ஆனால் அதே நபிதான் தொழுகையில் கடனிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடினார்கள். இவ்வளவு அதிகமாகக் கடனிலிருந்து பாதுகாப்புத் தேடுகிறீர்களே என்று ஒருவர் கேட்டதற்கு, மனிதன் கடன்பட்டால் பேசும்போது பொய் சொல்கிறான், வாக்குக் கொடுத்தால் மாறுகிறான் என்றார்கள். கடன் வாங்கியவர்கள் நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும், இது எவ்வளவு உண்மை! வீட்டில் இருந்துகொண்டே "வெளியில் இருக்கிறேன்" என்று போனில் சொல்லவைப்பது கடன்தான்.

ஆகவே வாங்குவதற்கு முன் உங்களையே இரண்டு கேள்வி கேளுங்கள். இது இல்லாமல் முடியவே முடியாதா? எந்த வருமானத்திலிருந்து திருப்பப் போகிறேன்? இரண்டாவதற்குப் பதில் இல்லாவிட்டால் அதையும் கொடுப்பவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அவர் தெரிந்தே கொடுக்கட்டும். திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடு மக்களின் பொருளை வாங்குகிறவருக்காக அல்லாஹ் அதை நிறைவேற்றுகிறான், அழிக்கும் எண்ணத்தோடு வாங்குகிறவனை அல்லாஹ் அழித்துவிடுகிறான் என்று ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பான புகாரியில் வருகிறது. நிய்யத் (எண்ணம்) உள்ளத்தில் இருப்பதுதான், ஆனால் அதற்கு அடையாளம் உண்டு: சம்பளம் வந்த அன்று முதலில் எதை எடுத்துவைக்கிறோம் என்பது.

வட்டி எங்கே நுழைகிறது

கடன் கொடுத்ததற்குப் பதிலாக எந்தப் பலனை நிபந்தனையாகக் கேட்டாலும் அது வட்டி. மாதம் இவ்வளவு என்று கேட்பதை எல்லாரும் அறிவார்கள். "தவணை தப்பினால் இவ்வளவு கூடுதல்", "கடன் அடைகிற வரைக்கும் உன் வண்டி என்னிடம் ஓடட்டும்" என்பதெல்லாம் பெயர் மாறி வருகிற வட்டிதான். வட்டி வாங்குகிறவர், கொடுக்கிறவர், எழுதுகிறவர், இரண்டு சாட்சிகள் எல்லாரையும் நபி (ஸல்) சபித்து, அவர்கள் சமம் என்றார்கள். வட்டிக் கடனுக்குச் சாட்சிக் கையெழுத்து கேட்டு நண்பர் வந்து நின்றால் மறுப்பது கஷ்டம்தான். ஆனாலும் மறுத்துவிடுங்கள்.

கடன் பாக்கி இருக்கும்போது வரும் அன்பளிப்பிலும் கவனம் வேண்டும். உனக்குக் கடன்பட்டவர் ஒரு சுமை வைக்கோல் கொடுத்தாலும் வாங்காதே, அது வட்டி என்று அப்துல்லாஹ் பின் ஸலாம் (ரலி) அபூ புர்தாவிடம் சொன்னார்கள். முன்பே கொடுத்து வாங்கிப் பழக்கமுள்ள உறவாக இருந்தால் வேறு, கடனுக்குப் பிறகு முளைத்த அன்பளிப்பாக இருந்தால் வேறு.

சரி, அடைக்கும்போது கூடுதலாகக் கொடுக்கவே கூடாதா? கொடுக்கலாம், கொடுத்தவர் கேட்காமலும் முன்பேச்சு இல்லாமலும் இருந்தால். நபி (ஸல்) ஓர் இளம் ஒட்டகத்தைக் கடனாக வாங்கி, அதைவிட நல்ல, வயதில் கூடிய ஒட்டகத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அழகாகக் கடனை அடைப்பவரே உங்களில் சிறந்தவர் என்றும் சொன்னார்கள்.

ஏற்கெனவே வட்டிக் கடனில் இருப்பவர்கள் தவ்பா செய்துவிட்டு (மனம் வருந்தி மன்னிப்புக் கேட்டுவிட்டு), அதைத்தான் முதலில் அடைக்கப் பார்க்க வேண்டும். அதை அடைக்க இன்னொரு வட்டிக் கடன் வாங்குவது குழியை ஆழப்படுத்தும். உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு விஷயம் தெரிந்த ஓர் ஆலிமிடம் போங்கள், பொதுவான பதிலை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

நாள் வந்து, பணம் வராவிட்டால்

வசதி இருந்தும் இழுத்தடிப்பது அநியாயம் என்று ஹதீஸ் தெளிவாகச் சொல்கிறது. வசதி இல்லாதவருக்கு அப்படி அல்ல. ஆனால் வசதி இல்லை என்பதைச் சொல்ல வேண்டும், அதுவும் நாள் வருவதற்கு முன்னால், நேரில் போய்.

'முஸ்லிம்' என்ற ஹதீஸ் தொகுப்பில் வரும் ஒரு நிகழ்வை அடிக்கடி நினைப்பேன். நபித்தோழர் அபுல் யஸர் (ரலி) தமக்கு வர வேண்டிய கடனைக் கேட்டு ஒருவருடைய வீட்டுக்குப் போனார்கள். சலாம் சொல்லி, அவர் இருக்கிறாரா என்றார்கள். இல்லை என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டுப் பையன் வெளியே வந்தான். உன் தந்தை எங்கே என்று கேட்டால், உங்கள் குரலைக் கேட்டதும் உம்மாவின் கட்டிலுக்குப் போய் ஒளிந்துகொண்டார் என்றான். வெளியே வாருங்கள், எங்கே இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும் என்று அபுல் யஸர் கூப்பிட்டார்கள். வந்தவர், அல்லாஹ்வின் மீது ஆணையாக உங்களிடம் பேசினால் பொய் சொல்லிவிடுவேனோ, வாக்குக் கொடுத்தால் மாறிவிடுவேனோ என்று பயந்தேன், நான் கஷ்டத்தில் இருக்கிறேன் என்றார். அபுல் யஸர் அந்தக் கடன் ஓலையை எடுத்து எழுத்தைத் தம் கையாலேயே அழித்துவிட்டு, வசதி வந்தால் கொடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் விடுவிக்கப்பட்டவர் என்றார்கள். கஷ்டப்படுகிறவருக்கு அவகாசம் கொடுப்பவரையோ தள்ளுபடி செய்பவரையோ அல்லாஹ் தன் நிழலில் வைப்பான் என்று நபியிடமிருந்து தாம் கேட்டதையும் அப்போது சொன்னார்கள்.

கட்டிலில் ஒளிந்திருந்தவரை வெளியே கொண்டுவந்தது உண்மையைச் சொன்ன ஒரு வாக்கியம். அதை வாசலிலேயே சொல்லியிருக்கலாம். ஆகவே போய்ச் சொல்லுங்கள். வெறுங்கையோடு போகாமல், முடிந்த தொகை சிறிதாக இருந்தாலும் எடுத்துக்கொண்டு போங்கள். புதிய தேதியைச் சொல்லுங்கள், பழைய தாளில் அதை எழுதுங்கள். அவர் கோபத்தில் இரண்டு வார்த்தை கூடச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். நபியிடமே ஒருவர் கடுமையாகக் கடனைக் கேட்டார், தோழர்கள் அவர் மேல் பாயப் போனபோது, விடுங்கள், உரிமை உள்ளவருக்குப் பேச இடமுண்டு என்றார்கள்.

நீங்களாகப் பேச முடியாவிட்டால் இருவரும் மதிக்கும் ஒருவரை நடுவில் வையுங்கள். கஅப் பின் மாலிக் (ரலி), இப்னு அபீ ஹத்ரத் (ரலி) இருவரும் பள்ளியில் கடனுக்காகக் குரலை உயர்த்தினார்கள். நபி (ஸல்) திரையை விலக்கிப் பார்த்து, பாதியைத் தள்ளிவிடு என்று கஅபுக்குச் சைகை காட்டினார்கள். அவர் ஒப்புக்கொண்டதும் மற்றவரைப் பார்த்து, எழுந்து போய் மீதியைக் கொடு என்றார்கள். விட்டுக்கொடுத்தல் ஒரு பக்கம், உடனே அடைத்தல் மறுபக்கம். இரண்டும் சேர்ந்தால்தான் சமாதானம்.

கொடுத்து அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்றும் பாருங்கள். பனூ இஸ்ராயீல் (இஸ்ரவேலர்) சமுதாயத்தில் ஒருவர் கடனுக்கு வாங்கிய ஆயிரம் தீனாரைத் திருப்பித் தரத் தவணை நாளில் படகு கிடைக்காமல், அதை ஒரு மரக்கட்டைக்குள் வைத்து அடைத்துக் கடலில் விட்ட செய்தியைப் பலர் கேட்டிருப்பீர்கள். அதோடு அவர் நிற்கவில்லை. பிறகு படகு கிடைத்ததும் இன்னோர் ஆயிரத்தை எடுத்துக்கொண்டு நேரிலேயே போனார். கட்டை முன்பே போய்ச் சேர்ந்திருந்தது வேறு விஷயம்.

அலி (ரலி) அவர்களிடம், விடுதலைப் பணம் கட்ட முடியாமல் உதவி கேட்டு வந்த ஓர் அடிமைக்கு அவர்கள் சொல்லிக்கொடுத்த துஆ (வேண்டுதல்) திர்மிதி என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது: அல்லாஹும்மக்ஃபினீ பிஹலாலிக அன் ஹராமிக, வஅக்னினீ பிஃபள்லிக அம்மன் ஸிவாக். யா அல்லாஹ், ஹராமானதை விட்டும் எனக்கு உன் ஹலாலைப் போதுமாக்கு, உன் அருளால் மற்றவர்களிடம் தேவையற்றவனாக என்னை ஆக்கு என்பது பொருள். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் நான் ஓதுகிறேன்.

கொடுத்தவர் கவனத்துக்கு

கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள், தர்மமாக விட்டுவிடுவது உங்களுக்கு இன்னும் நல்லது என்கிறது குர்ஆனின் 2:280. கடனாகக் கொடுத்ததை ஜகாத்தில் (கட்டாய தர்மத்தில்) கழித்துக்கொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். பெரும்பாலான அறிஞர்கள் கூடாது என்கிறார்கள், ஜகாத் பெறுபவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். கடனில் மூழ்கியவர் ஜகாத் பெறத் தகுதியானவர் என்று 9:60 சொல்வதால், அவருக்கு உங்கள் ஜகாத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். அதை வைத்து என் கடனை அடை என்று மட்டும் நிபந்தனை போடாதீர்கள்.

விட்டுக்கொடுத்தால் அதை அவரிடம் சொல்லிவிடுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். டைரியின் இரண்டாவது வரிக்காகச் செ. மாமாவைப் பார்க்கப் போனேன். என்னைக் கண்டதுமே அவர் அழுதுவிட்டார். "அந்தப் பணத்தை நான் எப்போதோ விட்டுவிட்டேன்டா, உன் வாப்பாவிடம் அதைச் சொன்னால் சங்கடப்படுவாரே என்று சொல்லாமல் இருந்தேன்" என்றார். வாப்பா ஆறு வருடம் அவரைப் பார்க்காமல் ஒதுங்கிப் போனார். அவர் மகளின் நிக்காஹுக்குக்கூடப் போகவில்லை. இல்லாத ஒரு கடனுக்காக இரண்டு நண்பர்கள் ஆறு வருடத்தை இழந்தார்கள். மாமா ஒரு வரி சொல்லியிருக்கலாம், வாப்பாவும் ஒரு தடவை போயிருக்கலாம்.

இறந்தவரின் கடன்

இங்கே வரிசை முக்கியம். முதலில் கஃபன் (இறந்தவருக்குப் போர்த்தும் துணி), அடக்கச் செலவு. அடுத்து கடன். அதற்குப் பிறகு, மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் வஸிய்யத் (மரண சாசனம்). மீதியைத்தான் வாரிசுகள் பிரிக்க வேண்டும். மனைவிக்குக் கொடுக்காமல் விட்ட மஹரும் (மணக்கொடையும்) கடன்தான், அவருடைய வாரிசுப் பங்கு அதற்கு மேலே தனி. நிறைய வீடுகளில் இதை யாரும் எண்ணுவதே இல்லை. உம்மாவிடம் நான் கேட்டபோது, "அதெல்லாம் எதுக்கு" என்றார்கள். கேட்க வேண்டியது என் கடமை, கேட்டேன். கொடுத்தோம்.

சொத்து போதவில்லை என்றால் பிள்ளைகள் தங்கள் கைக்காசிலிருந்து கொடுக்கக் கட்டாயம் இல்லை. கொடுத்தால் அது பெரிய நன்மை. மூன்று தீனார் கடனோடு இறந்த ஒருவருக்கு நபி (ஸல்) தாம் தொழவைக்காமல், நீங்கள் தொழுதுகொள்ளுங்கள் என்று தோழர்களிடம் சொன்னார்கள். அந்தக் கடன் என் பொறுப்பு என்று அபூ கதாதா (ரலி) சொன்ன பிறகே தொழவைத்தார்கள். ஷஹீதுக்குக்கூட (இறைவழியில் உயிர்நீத்தவருக்குக்கூட) கடனைத் தவிர மற்றவையே மன்னிக்கப்படும்.

பாகப்பிரிவினைக்கு அவசரப்படாதீர்கள். ஹிஜ்ரி 36இல் கொல்லப்பட்ட நபித்தோழர் ஸுபைர் (ரலி) விட்டுச்சென்ற கடன் 22 லட்சம். மக்கள் அமானிதமாகக் கொண்டுவந்ததைக்கூட, தொலைந்துவிடுமோ என்று பயந்து, கடனாக இருக்கட்டும் என்று ஏற்றுக்கொண்டதால் சேர்ந்தது அது. அவர் மகன் அப்துல்லாஹ் நிலங்களை விற்று எல்லாவற்றையும் அடைத்தார். பங்கைப் பிரித்துக் கொடு என்று மற்றப் பிள்ளைகள் கேட்டபோதும் மறுத்து, நாலு வருடம் ஹஜ் காலத்தில், ஸுபைரிடம் கடன் வர வேண்டியவர்கள் வாருங்கள் என்று அறிவிப்புச் செய்தார். அதற்குப் பிறகுதான் பிரித்தார்.

கடன் கொடுத்தவர் இறந்திருந்தால் அவர் வாரிசுகளிடம் கொடுங்கள். தேடியும் ஆள் கிடைக்கவே இல்லை என்றால் அவர் பெயரில் தர்மம் செய்யலாம், நன்மை அவருக்குப் போய்ச் சேரட்டும் என்ற நிய்யத்தோடு. பிறகு அவர் வந்துவிட்டால், அந்தத் தர்மத்தை ஏற்கிறாரா, பணத்தையே கேட்கிறாரா என்பது அவர் விருப்பம்.

எங்கள் 'இ' அப்படித்தான் ஆனார். வாப்பா முன்பு வேலை பார்த்த இடத்தில் ஓர் அவசரத்துக்குக் கூட இருந்தவர் கொடுத்தார் என்பது மட்டும் உம்மாவுக்கு நினைவிருந்தது. பெயர் இப்ராஹீமா இஸ்மாயீலா என்றுகூட உறுதியில்லை. பழைய கூட்டாளிகள் ஒவ்வொருவராகக் கேட்டேன். பத்து மாதத் தேடலுக்குப் பிறகு ஆலிமிடம் போனேன். 15 என்பது ஆயிரமா நூறா தெரியாததால் பேணுதலுக்காகப் பெரிய தொகையையே எடுத்துக்கொண்டு, அவர் பெயரில் ஸதகா (தர்மம்) செய்தோம்.

என்னிடம் இப்போது ஒரு நோட்டு இருக்கிறது. முன்பக்கத்திலிருந்து நான் கொடுக்க வேண்டியவை, பின்பக்கத்திலிருந்து எனக்கு வர வேண்டியவை. எங்கே வைத்திருக்கிறேன் என்று மனைவிக்கும் மூத்த மகனுக்கும் தெரியும். முன்பக்கத்தில் முதல் வரியாக, பேனாவில், முழுசாக இப்படி எழுதியிருக்கிறேன்: "வாப்பாவோடு வேலை பார்த்த இ. என்பவருக்குப் பதினைந்தாயிரம். ஸதகா செய்யப்பட்டுவிட்டது. அவரோ அவர் பிள்ளைகளோ வந்து கேட்டால், கொடுக்க வேண்டும்."